கல்வெட்டுக்கு முதல் ஒரு படம்

வன்னியில் வயது போன ஒருவரிடம் "உங்களை ஒரு படம் எடுக்கட்டோ?" என்று கேட்டால் அனேகமாக வருகிற பதில், "ஏன் மோனை, கல்வெட்டுக்கோ?" பகிடியாகத்தான் கேட்பார்கள். ஆனால் கேள்வி நியாயமானது. செத்தவீடு முடிந்து முப்பத்தோராம் நாள் கையில் தருகிற நினைவு மலரைத்தான் கல்வெட்டு என்பார்கள். அதன் முன்பக்கத்துக்கு ஒரு படம் வேண்டும். அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர் அலுமாரியைக் கிளறுவார்கள். அகப்படுவது அடையாள அட்டைப் படம், இல்லையென்றால் யாருடைய கலியாணத்திலோ மூன்றாம் வரிசையில் நின்ற படம். அதை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெருப்பித்து, கழுத்துக்குக் கீழே கணினியில் ஒரு கோட்சூட்டை மாட்டி, பின்னால் நீல நிறம் பூசி எடுப்பார்கள். கடைசிவரை சாரமும் தோளில் துவாயுமாக வயல் வரம்பில் நின்ற மனிசன், சட்டத்துக்குள் வங்கி மனேச்சர் போல இருப்பார்.

அந்தப் படத்துக்குப் பத்து, இருபது வருடம் முன்னரே எடுக்க வேண்டிய படத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். கையில் போன் மட்டும் இருக்கிற, இதுவரை யாரையும் முறையாகப் படம் எடுத்திராத ஒருவரை நினைத்து எழுதுகிறேன்.

நேர்மறை முதுமை என்றால்

இப்போது அடிக்கடி காதில் விழுகிற சொல். விளக்கம் சுலபமானது. வயது போவதை நோய், தேய்வு, பிள்ளைகளுக்குச் சுமை என்ற கணக்கில் மட்டும் பார்க்காமல், எழுபதிலும் எண்பதிலும் ஒருவருக்கு வேலை, விருப்பம், பகிடி, பிடிவாதம், சிநேகிதம் எல்லாம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது. முழங்கால் நோகக் கூடாது, பிரஷர் இருக்கக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை இல்லை. உலக சுகாதார நிறுவனம் ஆரோக்கியமான முதுமை என்று சொல்லும்போதும், ஒருவர் தான் பெறுமதியாக நினைக்கிற காரியத்தைத் தொடர்ந்து செய்யக்கூடியதாக இருப்பதைத்தான் முன்னால் வைக்கிறது. 2021 முதல் 2030 வரையான பத்தாண்டை ஐக்கிய நாடுகள் சபை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் வயதுப் பாகுபாடு. 1969இல் றொபேட் பட்லர் என்ற அமெரிக்க மருத்துவர் அதற்கு ஒரு பெயர் வைத்தார். உலகில் இரண்டு பேரில் ஒருவரிடம் இந்த மனப்பாங்கு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. "அவவுக்கு என்ன தெரியும், வயசு போட்டுது" என்று பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லுகிறோமே, அதுதான். இதில் மோசமான பகுதி, கேட்டுக் கேட்டு அவர்களே அதை நம்பத் தொடங்குவது. "இனி எனக்கென்ன" என்று புதுச் சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிற ஐயாமார் எத்தனை பேர்!

யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெக்கா லெவியும் கூட்டாளிகளும் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த விடயத்தில் பெயர் பெற்றது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 50 வயதைக் கடந்த 660 பேரின் விபரங்களை எடுத்துப் பார்த்தார்கள். தங்கள் முதுமையை நல்ல விதமாகப் பார்த்தவர்கள், மற்றவர்களை விடச் சராசரியாக 7.5 வருடம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். படம் எடுத்தால் ஆயுள் கூடும் என்று யாரும் இதை வைத்துக் கதை கட்ட வேண்டாம். ஆனால் ஒருவர் தன்னை எப்படிப் பார்க்கிறார் என்பது சும்மா மனசோடு போகிற காரியம் இல்லை என்று விளங்கும். தன்னைப் பார்க்க ஒருவருக்கு வழி என்ன? கண்ணாடி ஒன்று. மற்றது, அடுத்தவர் எடுத்த படம்.

எங்கள் பக்கத்தில் இது ஏன் வேறு மாதிரி

வன்னியில் இதற்கு ஒரு கூடுதல் பாரம் இருக்கிறது. இடம்பெயர்வுகளில் அல்பங்கள் போய்விட்டன. 2004 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையில் கடல் கொண்டுபோனது ஒருபக்கம். 2009இல் வீட்டுக்கு வீடு, பங்கருக்குப் பங்கர் மாறி நடந்தவர்கள் ஒரு ஷொப்பிங் பையில் அடையாள அட்டையையும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் கொண்டுவந்தார்கள். கலியாணப் படம் வரவில்லை. அதனால் இன்றைக்கு எழுபது வயதான ஒருவரிடம் "உங்கட இளம் வயதுப் படம் இருக்கோ?" என்று கேட்டால், பல வீடுகளில் ஒன்றுமே இல்லை. நீங்கள் இப்போது எடுக்கப் போவது அந்த வீட்டின் மிகப் பழைய படமாக ஆகக்கூடும்.

இன்னொன்று. வன்னி முதியவர்களை வெளியுலகம் அதிகம் பார்த்தது எந்தப் படத்தில் என்று யோசித்துப் பாருங்கள். 2017 பெப்ரவரி தொடக்கம் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் இருந்த அம்மாமாரின் படங்களில். அவர்கள் கையில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படம் இருக்கும். அந்தப் படங்கள் தேவையானவை, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அம்மாவின் முகம் அங்கே ஒரு சட்டத்தைத் தாங்குகிற முகமாக மட்டும் பதிவாகிறது. அவர் நல்லாய்ப் பாடுவார் என்பதோ, மிளகாய்த் தோட்டம் வைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவர் என்பதோ அதில் வராது. வயதைக் கொண்டாடும் படம் என்று போய் நின்றுகொண்டு, "சோகத்தை விடுங்கோ அம்மா, சிரியுங்கோ" என்று கேட்பதும் அதே அளவுக்கு மோசம். அவர் மகனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் இருப்பேன் என்றால் அப்படியே எடுங்கள். பிறகு இன்னொன்று, அவர் தனியாக. எதை வீட்டில் வைப்பது என்பதை அவர் சொல்லட்டும்.

இந்தக் கட்டுரையில் எனக்குச் சொல்ல இருக்கிறது இதுதான்: எப்படித் தெரிய வேண்டும் என்பதை முடிவெடுக்கும் உரிமை படத்தில் இருப்பவருக்கு. வெளிச்சம், தூரம், பொத்தான் எல்லாம் அதற்குப் பிறகு.

இரண்டு பழக்கங்களை விட வேண்டும்

முதலாவது, போனில் இருக்கிற அழகூட்டும் வசதி. பல போன்களில் அது கேட்காமலே போட்டபடி இருக்கும். சுருக்கத்தை அழித்து, தோலை மெழுகி, நிறத்தையும் இரண்டு படி வெளுப்பாக்கிவிடும். செற்றிங்ஸில் போய் அதை நிறுத்துங்கள். கறுத்த முகத்தைக் கறுத்த முகமாக எடுங்கள்.

இரண்டாவது இதற்கு நேர்மாறு. படப் போட்டிகளில் பார்த்திருப்பீர்கள். கறுப்பு வெள்ளை, ஒவ்வொரு சுருக்கமும் கோடு கீறினது மாதிரி, கலங்கின கண், கீழே 'வறுமையின் முகம்' என்று தலைப்பு. எடுத்தவருக்குப் பரிசு கிடைக்கும். எடுக்கப்பட்டவருக்கு அந்தப் படத்தைக் காட்டியிருப்பார்களா என்பது சந்தேகம். பேரப்பிள்ளைக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்த ஆச்சியைக் கூப்பிட்டு வெயிலில் இருத்தி, இரண்டு நிமிடத்தில் அநாதையாக்கிவிடுகிறார்கள். எனக்கு இந்த வகைப் படம் முதலாவதை விடக் கோபம் தரும்.

இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்க, நூற்றைம்பது வருடத்துக்கும் முந்திய ஒரு பெண்ணைச் சொல்லலாம். சாதாரண தரத்துக்குக் கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம் என்று பாடமாக்கினோமே, அந்த கமரனின் மனைவி ஜூலியா மார்கரட் கமரன். 1863இல், 48 வயதில்தான் மகளும் மருமகனும் ஒரு கமரா பரிசளிக்க, படம் எடுக்கத் தொடங்கினார். பிறகு உலகின் முக்கியமான முகப்படக் கலைஞர்களில் ஒருவரானார். வானியலாளர் ஜோன் ஹேர்ஷலை 1867இல் அவர் எடுத்த படம் இணையத்தில் கிடைக்கும், தேடிப் பாருங்கள். எழுபத்தைந்து வயது மனிதர், நரைத்த தலைமயிர் கலைந்து கிடக்கிறது, பின்னால் ஒரே இருட்டு, ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம். சுருக்கம் எல்லாம் தெரிகிறது. ஆனால் பார்க்கிறவருக்கு இரக்கம் வராது. இந்த ஆள் எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறார், குழப்பக் கூடாது என்றுதான் தோன்றும். கமரன் தம்பதி 1875இல் இலங்கைக்கு வந்து இங்கேயே இருந்துவிட்டார்கள். ஜூலியா 1879இல் காலமானார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

வெளிச்சம், தூரம்

வன்னியில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை, கூடுதல்தான் பிரச்சினை. பத்து மணிக்குப் பிறகு வெயில் தலைக்கு மேலே நிற்கும். வயது போனவர்களுக்கு மேல் இமை கொஞ்சம் இறங்கி, கண்குழி ஆழமாகியிருக்கும். மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் கண் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் வரும். கண் தெரியாத முகப்படத்தில் ஆள் இல்லை.

ஆகவே ஆளை நிழலுக்குள் கொண்டுவாருங்கள். விறாந்தையின் விளிம்பு நல்ல இடம். கூரை மேல்வெளிச்சத்தை மறிக்கும், முற்றத்து மணலில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கீழிருந்து மெதுவாக முகத்துக்கு ஏறி, கண்குழியையும் நாடிக்குக் கீழேயும் நிரப்பும். முற்றத்தில் மணல் இல்லையா, ஒரு வெள்ளை வேட்டியை நிலத்தில் விரித்துவிடுங்கள், அதே வேலையைச் செய்யும். வீட்டுக்குள் என்றால் கதவடி. வாசலுக்கு நேரே பார்த்தபடி இருந்தால் வெளிச்சம் முகத்தில் நேரே விழுந்து சுருக்கங்கள் ஆறிப்போகும். வாசலுக்குப் பக்கவாட்டில் திரும்பினால் ஒவ்வொரு கோடும் எழும்பி நிற்கும். இரண்டுக்கும் நடுவில், முகத்தைக் கால்வாசி திருப்பி வைத்துப் பாருங்கள். கண்மணிக்குள் வாசலின் வெளிச்சம் ஒரு சின்னப் பொட்டாக விழுகிறதா என்று கவனியுங்கள். அது விழுந்தால் முகம் விழித்துக்கொள்ளும்.

காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில், அல்லது பின்னேரம் நாலரைக்குப் பிறகு நல்ல நேரம். மாரியில் வானம் மூடிக் கிடக்கிற நாட்களில் எந்த நேரமும் எடுக்கலாம். காண்டாவன வெயிலில் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஒருவரையும் அலைக்கழிக்க வேண்டாம். கண் வெள்ளை வெட்டினவர்கள் சிலருக்கு வெளிச்சம் கூசும். அவர்களை வெளியைப் பார்க்க வைக்காதீர்கள், பிளாஷும் வேண்டாம்.

தூரம் பற்றி ஒரு வார்த்தை. முகம் பெரிதாக வர வேண்டும் என்று போனை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவார்கள். ஓரடி தூரத்தில் எடுத்தால், ஐந்தடியில் எடுத்ததை விட மூக்கு ஏறக்குறைய 30 வீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஐந்து, ஆறு அடி தள்ளி நின்று, போனில் 2x என்று இருப்பதைத் தொட்டு எடுங்கள். கமரா வைத்திருப்பவர்கள் முழுச்சட்டகத்தில் 85 மி.மீ. வில்லை, சிறிய சென்சரில் 50 மி.மீ. போட்டால் போதும். கை, தலை கொஞ்சம் நடுங்குகிறவர்கள் இருப்பார்கள் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/250 விநாடிக்குக் கீழே இறக்க வேண்டாம்.

நரைத்த தலைமயிரும் வெள்ளை வேட்டியும் கறுத்த முகமும் ஒரே படத்தில் வரும்போது போன் தடுமாறும். திரையில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வருகிற சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். தலைமயிரில் இழை இழையாகத் தெரியும்வரை. மூக்குக்கண்ணாடி மின்னினால் கழற்றச் சொல்லாதீர்கள், அது அவர்களுடைய முகத்தில் ஒரு பகுதி. காதுப்பக்கக் கம்பியைக் காதுக்கு மேலே ஒரு விரல் உயர்த்தினால் மின்னல் கீழே போய்விடும். பொல்லு, காதுக்கருவி, பல் இல்லாத வாய், இவைகளுக்கும் இதுதான் சட்டம். ஒளிக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை, காட்டச் சொல்லவும் இல்லை.

இருத்தி எடுப்பது

முள்ளியவளைப் பக்கம் ஓர் அம்மம்மாவைப் படம் எடுக்கப் போயிருந்தேன். வாசலில் பாக்கு இடித்துக்கொண்டிருந்தார். சின்ன இரும்புரல், பக்கத்தில் வெத்திலைத் தட்டம், நல்ல பக்க வெளிச்சம். எனக்கு அப்படியே எடுத்தால் போதும். அவரோ "பொறு பிள்ளை" என்று உள்ளே போனவர் போனவர்தான். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு உடுத்த சேலை, தோடு, முகத்தில் பவுடர், நெற்றி நிறையத் திருநீறு. கதிரையை நடு முற்றத்தில் போடுவித்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, சிரிக்காமல் நிமிர்ந்து இருந்தார். "ம், இப்ப எடு."

படம் எடுக்கப் பழகுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சலித்துக்கொள்வார்கள். 'இயல்பாக' இல்லையாம். ஆனால் ஸ்டூடியோவுக்குப் போய் ஒரேயொரு தரம் படம் எடுத்த தலைமுறைக்குப் படம் என்றால் இதுதான். நிமிர்ந்து, உடுத்தி, மரியாதையாக. அந்த விறைப்பு அவர் தனக்குக் கொடுக்கிற மதிப்பு. முதலில் அதை ஒழுங்காக எடுத்துக் கொடுங்கள், கதிரையை மட்டும் கெஞ்சிக் கேட்டு நிழலுக்கு நகர்த்தி. நான் எடுத்துக் காட்டினேன். போனைத் தூரப்பிடித்துப் பார்த்து, "காது வடிவாய் வந்திருக்கு" என்றார். தோட்டைத்தான் சொன்னார்.

பிறகு அவசரப்படாமல் இருந்து கதைத்தேன். சேலையோடேயே திரும்பிப் போய் உரலடியில் இருந்துவிட்டார். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீர், மருமகளின் சமையல், பக்கத்து வீட்டுக் கோழி என்று பேச்சுப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கோழியே வந்து தட்டத்துக்குக் கிட்ட நின்றபோது உலக்கையை ஓங்கி ஒரு அதட்டு அதட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். வெத்திலைச் சிவப்பு வாய், பட்டுச்சேலை, ஓங்கின உலக்கை. அதையும் எடுத்தேன். இரண்டு படத்தையும் காட்டினபோது அவருக்குப் பிடித்தது முதலாவதுதான். கனடாவில் இருக்கிற மகளுக்குப் பிடித்தது இரண்டாவது. இரண்டும் அவர் வீட்டில் இருக்கிறது.

கதைக்கும்போது எதைக் கேட்பது என்று பலர் கேட்கிறார்கள். கையைப் பற்றிக் கேளுங்கள். வன்னியில் அறுபது தாண்டின கை என்றால் அதற்கென்று ஒரு தொழில் இருக்கும். வலை பொத்துகிற ஊசியோ, சுளகோ, துவிச்சக்கரவண்டிக் கடைச் சாவியோ, மாட்டுக் கயிறோ, பள்ளிக்கூடத்து வெண்கட்டியோ. அவர்களாக ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் மிகவும் நல்லது. நீங்களாகக் கொண்டுபோய்த் திணிக்காதீர்கள். வாழ்நாள் முழுக்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த ஐயாவின் கையில் படத்துக்காக மண்வெட்டியைக் கொடுத்தவர்களும் உண்டு. போர்க்காலம் பற்றி அவர்களாகத் தொடங்கினால் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். கண் கலங்குகிற நேரத்துக்காகக் காத்திருந்து அழுத்துவது களவு.

முகப்புத்தகத்தில் போடலாமா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். படம் எடுக்கச் சம்மதித்தது ஊர் முழுக்கக் காட்டச் சம்மதித்ததாகாது. பிள்ளைகள் "போடுங்கோ அண்ணா" என்றால் காணாது, அவரே சொல்ல வேண்டும். மறதி வருத்தம் உள்ளவராக இருந்தால் வீட்டுக்கு மட்டும் கொடுத்துவிட்டு நின்றுவிடுங்கள்.

ஊரோடு சேர்ந்து செய்ய விருப்பமானவர்கள் முதியோர் சங்கத்தில் கதைக்கலாம். பெரும்பாலான கிராம அலுவலர் பிரிவுகளில் ஒன்று இருக்கிறது. ஒக்டோபர் 1 உலக முதியோர் தினம், 1990இல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. இலங்கையில் அதே நாள் சிறுவர் தினமும் என்பதால் பலூனும் இனிப்பும் சிறுவர் பக்கம் போய்விடும், பெரியவர்களுக்கு ஒரு பொன்னாடையும் நீண்ட பேச்சும் மிஞ்சும். அன்றைக்குச் சங்கக் கட்டடத்தின் விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டு, ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒரு மாதத்துக்குள் கையில் படத்தைக் கொடுக்க முடியுமென்றால் செய்யுங்கள். கொடுக்க முடியாதென்றால் தொடங்காதீர்கள். எடுத்துக்கொண்டு போன படங்கள் திரும்பி வராத அனுபவம் எங்கள் சனத்துக்கு நிறைய உண்டு.

அச்சும் சுவரும்

போனுக்குள் இருக்கிற படம் வயதானவருக்கு இல்லாத படம். அச்சடித்துக் கொடுங்கள். 8க்கு 12 அங்குலத்துக்கு 9 மெகாபிக்சல் போதும், இப்போதைய சாதாரண போன் 12க்கு மேல் தருகிறது. மினுமினுப்பான தாளை விட மங்கல் தாள் நல்லது, தூரப்பிடித்துப் பார்க்கிறவர்களுக்கு வெளிச்சம் அடிக்காது. சட்டத்தின் பின்பக்க மட்டையின் ஓரங்களைச் சுற்றி ரேப் ஒட்டுவியுங்கள், இல்லாவிட்டால் மாரி ஈரமும் கறையானும் இரண்டு வருடத்தில் உள்ளே போய்விடும்.

எங்கே மாட்டுவது என்பதில் ஒரு சின்னச் சிக்கல் வரும். சாமிப்படத்துக்குப் பக்கத்தில், செத்துப்போனவர்களின் படங்கள் மாலையோடு இருக்கிற வரிசையில் மாட்டினால், "என்னையும் அனுப்பிவிட்டியளோ" என்று பேச்சு வரும். பகிடியாகத் தொடங்கி உண்மையாகவே மனத்தாங்கலாகிவிடும். வேறு சுவர் பாருங்கள். ரிவிக்கு மேலே, அல்லது சாப்பாட்டு மேசைப் பக்கம். மாலையோ பூவோ மின்குமிழோ போட வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப்பக்கம் ஏறக்குறைய 1600 புள்ளிகளுக்குச் சுருங்கிவிடும், பெரிதாக அச்சடிக்க உதவாது. இணைப்புக் குறியைத் தொட்டு 'டொக்குமென்ட்' என்பதைத் தெரிந்து அனுப்புங்கள், மூலப்படம் அப்படியே போகும். கோப்புக்குப் பெயர், ஊர், எடுத்த ஆண்டு மூன்றையும் எழுதி வையுங்கள். அச்சுப் படத்தின் பின்னாலும் பென்சிலால் அதையே எழுதுங்கள். பேனா மை நாளடைவில் முன்பக்கத்துக்கு ஊறும்.